மொட்டை மாடியில் பேனல் போட்ட கதை

அன்புள்ள சேகர்,

போன வாரம் போனில் நீ கேட்டதற்குப் பாதிப் பதிலோடு விட்டுவிட்டேன், அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போக நேரமாகிவிட்டது. இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்டால் அரசு மானியம் நிஜமாகவே வருகிறதா என்று கேட்டாய். வருகிறதுடா, எனக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்யா கர் என்ற மத்திய அரசின் வீட்டு சோலார் திட்டத்தில்தான் போட்டேன். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாய். அதற்கு மேல் நீ ஐந்து போட்டாலும் பத்து போட்டாலும் அதே 78,000தான், இதை விற்க வருகிறவர்கள் முதலில் சொல்வதில்லை. இன்னொன்று, முழுப் பணத்தையும் நாம்தான் முன்னால் போட வேண்டும். பேனல் ஏறி, மீட்டர் மாற்றி, எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகுதான் மானியம் நம் வங்கிக் கணக்குக்கு வரும். எனக்கு மூன்று கிலோவாட்டுக்கு 1,95,000 ஆனது. கையில் இல்லையென்றால் இதற்கென்றே வங்கியில் அடமானம் இல்லாத கடன் கிடைக்கிறது, விசாரித்துப் பார்.

எனக்குப் பணத்தைவிடப் பெரிய தடையாக இருந்தது வேறு. வீட்டு மின் இணைப்பு இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தது. அவர் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில்லில் அவர் பெயரைப் பார்க்கும்போது ஏதோ வீட்டில் இருப்பது மாதிரி இருக்கும், அதனால்தான் மாற்றாமலே விட்டிருந்தேன். விண்ணப்பிக்கிறவர் பெயரும் இணைப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றதும் வேறு வழியில்லை. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், தங்கச்சியிடம் ஆட்சேபம் இல்லை என்று ஒரு கையெழுத்து, இதற்கே இரண்டு மாதம் போனது. உன் வீட்டு இணைப்பும் உன் மாமனார் பெயரில்தானே இருக்கிறது? அந்த வேலையை இன்றைக்கே ஆரம்பி, மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்தது நிழல். பேனலைத் தெற்குப் பார்த்து லேசான சாய்வில் வைப்பார்கள், அது சரி. ஆனால் என் வீட்டில் முதலில் கம்பி நட்ட இடத்தில் மூன்று மணிக்கு மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தது. ஒரு ஓரத்தில் விழும் நிழல்கூட அந்த வரிசை முழுவதன் உற்பத்தியையும் இழுத்துவிடும். சண்டை போட்டுத்தான் இடம் மாற்ற வைத்தேன். கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும் என்று வைத்துக்கொள்.

கரண்ட் போனால் இது ஓடுமா என்று உன் மனைவி கேட்டாளாம். ஓடாது. வெளியில் லைனில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, மின்சாரம் போனதும், பேனல் தரும் கரண்டை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். பேட்டரி வைத்தால் வேறு கதை, ஆனால் செலவு ஏறும்.

லாபக் கணக்கு நம் ஊரில் 500 யூனிட்டில்தான் இருக்கிறது. இரண்டு மாதத்தில் 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு விலை ஏறுவதோடு நிற்காது, 101 முதல் 200 வரை கிடைக்கும் சலுகையும் போய்விடும். ஏசி வந்ததிலிருந்து நான் ஒவ்வொரு கோடையிலும் அதைத் தாண்டிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு கிலோவாட்டுக்குச் சராசரியாக நாளைக்கு நாலு யூனிட் வருகிறது, மிஞ்சுவது வெளியே மின்வாரிய லைனுக்குப் போய் நம் பில் கணக்கில் கழிகிறது. ஆச்சரியம் என்னவென்றால் அக்கினி நட்சத்திரத்தைவிட மாசி பங்குனியில் நன்றாக வருகிறது, பேனல் சூடானால் உற்பத்தி குறையுமாம். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் முழுக்க மூன்று யூனிட்தான் வந்தது. உனக்கு இருநூறு யூனிட்டுக்குள் பில் வருகிறது என்றால் அவசரப்படாதே, போட்ட பணம் திரும்ப ரொம்ப வருடம் ஆகும்.

அம்மா இப்போது மாவாட்டுவதைப் பகல் பதினோரு மணிக்கு மாற்றிவிட்டாள், நம் வெயிலிலேயே அரைக்கிறேன் என்கிறாள். உன்னையும் குழந்தைகளையும் விசாரித்தாள்.

போன வருடத்து ஆறு பில்லையும், காலை ஒன்பது மணிக்கும் மாலை நாலு மணிக்கும் எடுத்த மாடிப் படங்களையும் அனுப்பு. அடுத்த வீட்டுத் தென்னை இன்னும் நிற்கிறதா, அதையும் சொல்.

அன்புடன்,
முருகன்
மதுரை