வேனில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் நடத்தும் நிறுவனங்கள் என்று சென்ற இதழில் ஒரு நீளமான பட்டியல் போட்டிருந்தீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த நிறுவனங்களுக்கு அவர்கள்தான் முதலாளிகள் என்று யார் சரிபார்த்தது? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

போன வருஷம் எங்கள் வீட்டுக் கூரையை மாற்ற எஸ்டிமேட் கொடுக்க ஓர் இளைஞர் வந்தார். வேனிலும் எஸ்டிமேட் தாளிலும் கொடிப் படத்தோடு 'வெட்டரன் ஓன்ட்', அதாவது முன்னாள் ராணுவத்தினருக்குச் சொந்தமானது, என்று இருந்தது. என் கணவர் அதைப் பார்த்ததுமே பாதி முடிவு செய்துவிட்டார். நான் சும்மா பேச்சுக்கு, "நீங்கள் எந்தப் படையில் இருந்தீர்கள்?" என்றேன்.

"நான் இல்லை, பெரியப்பா. மரைனில் இருந்தார்."

"இப்போதும் அவர்தான் ஓனரா?"

"இல்லை, கம்பெனியை அப்பாவுக்கு விற்று ஆறு வருஷம் ஆகிறது."

ஒளிக்காமல்தான் சொன்னார். ஸ்டிக்கரை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வெட்டரன் நிறுவனங்களுக்கென ஒதுக்கிய அரசு கான்ட்ராக்ட் என்றால் இப்படி விட்டுவிட மாட்டார்கள். 2023 ஜனவரி 1 முதல் எஸ்.பி.ஏ. என்கிற சிறுதொழில் துறைதான் இதற்குச் சான்றிதழ் தருகிறது. நிறுவனத்தில் 51 சதவீதமாவது வெட்டரன் கையில் இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. மிக உயர்ந்த பதவியில் அவரே உட்கார்ந்து அன்றாட நிர்வாகத்தையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் விஷயமே இருக்கிறது. பங்கை யார் பேரில் வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். பெயரை மட்டும் கடன் கொடுக்கும் ஆளுக்கு அங்கே 'வாடகை வெட்டரன்' என்றே பட்டப்பெயர் உண்டு.

ராணுவப் பணியால் உடல் பாதிக்கப்பட்டவர்களின் நிறுவனங்களுக்கான ஒதுக்கீட்டை, அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2009-இல் ஆராய்ந்தது. தகுதியே இல்லாத 10 நிறுவனங்கள் சுமார் 10 கோடி டாலர் வேலையை வாங்கியிருந்தன. அதில் ஒருவர் மேசை நாற்காலி கான்ட்ராக்டை எடுத்து, மனைவி வேலை பார்க்கும் கம்பெனிக்குத் தள்ளிவிட்டார். அந்தக் கம்பெனி அதை அப்படியே தயாரிப்பாளருக்குத் தள்ளிவிட்டது. உண்மையில் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டது கடைசி ஆள்தான்.

சரி, நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வது? எஸ்.பி.ஏ. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று யாரும் தேடிப் பார்க்கலாம். இல்லை என்பதற்காக ஆளைப் பொய்யர் என்றும் சொல்லிவிடக் கூடாது. அரசு கான்ட்ராக்ட் வேண்டாதவருக்கு அந்தச் சான்றிதழே தேவையில்லை. முடி வெட்டும் கடைக்காரர் எதற்கு அதற்கு அலைய வேண்டும்? நிறுவனம் யார் பேரில் இருக்கிறது என்பதற்குப் பல மாநிலங்களின் பதிவேட்டிலேயே குறிப்பு கிடைக்கும். அப்புறம், நேரில் கேட்பதுதான்.

ஆனால் ஒன்று. 'உங்கள் டிடி-214-ஐக் காட்டுங்கள்' என்று கேட்காதீர்கள். படையிலிருந்து விடுவித்த அந்தத் தாளில் சொந்த விவரங்கள் நிறைய இருக்கும், பழைய தாள்களில் சோஷியல் செக்யூரிட்டி எண் உட்பட. கூரை போட வந்தவரிடம் கேட்கிற கேள்வியா அது? போருக்குப் போனாரா என்பதும் தேவையில்லாத கேள்வி. போர்க்களத்தையே பார்க்காமல் பணி முடித்தவரும் சட்டப்படி வெட்டரன்தான்.

அடுத்த முறை பட்டியல் போடும்போது ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் 'சான்று பெற்றது' அல்லது 'அவர்களே சொன்னது' என்று இரண்டு வார்த்தை போடுங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அமெரிக்காவிலிருந்து ஒரு வாசகி

பி.கு.: கூரை வேலையை அவர்களிடமே கொடுத்தோம். நன்றாகவே செய்தார்கள். போன வாரம் அந்த வேனை சிக்னலில் பார்த்தேன், ஸ்டிக்கர் புதிதாக ஒட்டியிருந்தது.