பீலிக்கரைத் திருப்பணி நிறைவு அறிக்கை

அம்மன் துணை

கோயில் கமிட்டியிலிருந்து உறுப்பினர்களுக்கு,

சம்பளத்தில் சந்தா பிடிக்கச் சம்மதித்த எல்லோருக்கும் வணக்கம். ஆற்றோரம் நாம் குளிக்கிற பீலிக்கரை (பீலி என்றால் தண்ணீர் விழும் குழாய்) வேலை முடிந்துவிட்டது. வரவு செலவு விபரம் மண்டபத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறது. பில்கள் பொருளாளரிடம் உள்ளன, யாரும் போய்ப் பார்க்கலாம். அந்தக் கணக்கில் எழுத முடியாத ஒரு கேள்விக்குத்தான் இந்த அறிக்கை. "இவ்வளவு காசு கட்டியும் கரையில் பளிச்சென்று ஒன்றையும் காணோமே?"

உண்மைதான். தீர்மானத்தில் கருங்கல் படி, டைல்ஸ் மேடை, கம்பி வேலி என்று எழுதியிருந்தோம். இப்போது இருப்பது ஒன்பது சீமெந்துப் படியும் ஒரு கைப்பிடியும். மிச்சக் காசு மண்ணுக்குள்ளே கிடக்கிறது. அதற்குக் காரணம் மீன்.

போன திருவிழாவில் ஆற்றில் கரகம் பாலிக்க (அம்மன் கரகத்தை அலங்கரித்து எடுக்க) போனவர்களுக்கு நினைவிருக்கும். கரையோரம் திரிந்த மீன்களில் பலவற்றுக்கு வாலோரம் அரித்துப்போயிருந்தது. அம்மன் கோபம் என்றார்கள், புல்லு மருந்து என்றார்கள், சவுக்காரத் தண்ணீர் என்றார்கள். ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். பார்த்த வரையில் குறை இல்லை என்று பதில் வந்தது. அப்போதே டைல்ஸ் வாங்கியிருப்போம். விலங்கியல் படித்துவிட்டு வந்திருந்த, மேல் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளை மறித்தாள். "மாமா, போத்தலில் இருப்பது அன்று காலை பத்து மணித் தண்ணீர். அசிங்கம் ராத்திரி வந்திருந்தால் அதில் எப்படித் தெரியும்? மீன் ராவும் பகலும் அதற்குள்ளேயே கிடக்கிறது. அதைப் பாருங்கள்."

"மீனுக்கு வருத்தமா இல்லையான்னு யாரு நாடி பிடிக்கிறது?" என்று தலைவர் கேட்டதும் எல்லோரும் சிரித்தோம். ஆனால் அதற்கு முறை இருக்கிறது.

முதலில் ஒரு பஞ்சாயத்து. ஈரலின் எடை உடல் எடையில் எத்தனை வீதம், மூளையில் அசற்றைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தால் நிறைய விளங்குமாம். ஓகனோபொஸ்பேற்று, காபமேற்று வகைப் பூச்சி மருந்துகள் அந்த நொதியத்தைத்தான் கட்டிப்போடுகின்றன. ஆனால் இரண்டுக்கும் மீனை அறுக்க வேண்டும். கரகம் பாலிக்கிற தண்ணீரில் ஓர் உயிரைக் கொல்லக் கூடாது என்று பூசாரி ஐயா உறுதியாகச் சொல்லிவிட்டார். கமிட்டியில் இருவர் அவரோடு வாதாடினார்கள். கடைசியில் பிள்ளையே, கொல்லாமல் பார்க்கக்கூடியதை மட்டும் பார்ப்போம் என்றாள். இந்த ஒரு முடிவில் நாம் இழந்ததும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறோம்.

பிடிப்பதற்கான அனுமதியை அவள் படித்த துறையின் ஆட்களே வனசீவராசிகள் திணைக்களத்தில் வாங்கிக்கொண்டு வந்தார்கள். வாளித் தண்ணீரில் கொஞ்சம் கராம்புத் தைலம் விட்டார்கள். பல்வலிக்கு வைப்போமே, அதே தைலம். மீன் மயங்கி நிற்கும், நல்ல தண்ணீரில் விட்டால் தெளிந்து ஓடும். கையை நனைக்காமல் யாரையும் தொடவிடவில்லை. காய்ந்த கை பட்டால் மேலிருக்கும் வழுவழுப்பு உரிந்துவிடுமாம், அதுதான் மீனுக்குக் கவசம்.

பார்த்தது கல் பாண்டியாவை. கல்லில் ஒட்டிப் பாசி மேய்கிற, நமக்கெல்லாம் தெரிந்த சின்ன மீன்தான். லயத்துக்கு மேலே காட்டோர மடுவிலும், பீலிக்குக் கீழே உள்ள மடுவிலும் பிடித்து ஒப்பிட்டார்கள். ஒப்பிட மேல் மடு இல்லாவிட்டால் கீழ் மடுவுக்கு அர்த்தமே இல்லை என்று அந்தப் பிள்ளை நூறு தடவை சொல்லியிருப்பாள்.

உடல்வாகு எண் என்று ஒரு கணக்கு. கிராமில் எடையை 100ஆல் பெருக்கி, சென்ரிமீற்றர் நீளத்தை அதே நீளத்தால் இரண்டு தடவை பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். 10 சென்ரிமீற்றர் மீன் 12 கிராம் இருந்தால் 1.2, 9 கிராம் இருந்தால் 0.9. ஃபுல்டன் என்ற ஸ்கொட்லாந்துக்காரரின் பெயரில் வழங்குகிற கணக்கு இது. வேறு வேறு இன மீனை இதில் ஒப்பிடக் கூடாது. முட்டை சுமக்கும் மீன் கூடுதலாகக் காட்டும் என்பதால் பருவத்தையும் பார்க்க வேண்டும்.

இங்கேதான் எங்களுக்கு அடி விழுந்தது. கீழ் மடு மீன் மெலிந்திருக்கும் என்று நினைத்தோம். அதுதான் கொழுத்திருந்தது! "பாத்தீங்களா, ஒன்னும் இல்ல" என்று டைல்ஸ் கட்சி எழுந்து நின்றது. அப்புறம் செவுள் மூடியைத் தூக்கிக் காட்டினார்கள். மேல் மடு மீனின் செவுள் செம்பருத்திப் பூ போல இருந்தது. கீழ் மடுவில் பலவற்றுக்கு அது வெளிறி, சளி படிந்து, நுனி தடித்திருந்தது. இரவல் வாங்கிய நுண்ணோக்கியில் தோல் வழுவழுப்பைச் சுரண்டி வைத்துப் பார்த்தால் தட்டு மாதிரிச் சுழன்றுகொண்டு ட்ரைக்கோடினா என்ற ஒற்றைக்கல உயிர், கூட்டமாக. அழுகல் நிறைந்த தண்ணீரில் பக்டீரியாவைத் தின்று பெருகுகிற உயிர் அது. சோற்றுப் பருக்கையும் கழிவும் பாசியை வளர்க்க, பாசி மீனைக் கொழுக்க வைத்திருக்கிறது. அதே கழிவு அதன் மூச்சையும் அடைத்திருக்கிறது. சீனி வருத்தக்காரர் சதை போட்டிருப்பதைப் பார்த்து நல்ல சுகம் என்று சொல்வோமா?

ஒட்டுண்ணி என்றாலே கெடுதல் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாதாம். மேல் மடு மீனிலும் தட்டைப்புழுக் கட்டிகள் இருந்தன. அப்படிப்பட்ட புழுவுக்கு நத்தை, மீன், பறவை என்று வீடு மாறி மாறி வாழ வேண்டியிருக்கிறது. மூன்றும் அங்கே இருப்பதால்தான் புழுவும் இருக்கிறது. தோலில் புண் இருந்தால் உடனே நஞ்சு என்று சொல்லவும் முடியாது. 1980களின் இறுதியில் இலங்கை முழுக்க மீன்களுக்குப் புண் வந்தபோது, அதற்குப் பின்னால் இருந்தது பூஞ்சை மாதிரியான ஒரு கிருமி. ஒரே ஓர் அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது எங்களுக்குப் புதுப் பாடம்.

பிறகு மடு மடுவாக ஏறிப் பார்த்தார்கள். செவுள் கெடத் தொடங்குவது எங்கே என்று பார்த்தால் நாலாம் லயத்துக் கான் (கழிவுநீர் வாய்க்கால்) ஆற்றில் விழுகிற இடம். குளிக்கிற தண்ணீர், குசினித் தண்ணீர், அதற்கும் மேலே நிரம்பி வழிகிற மலக்குழி. சரி, நம்முடைய அசிங்கம்தான்.

ஆகவே காசு போன வழி இது. கானைத் திருப்பி இரண்டு படிவுக்குழி வழியாகச் சரளை நிரப்பிய பாத்திக்குள் விட்டோம். பழைய குழியை மூடி, ஆற்றிலிருந்து தள்ளிப் புதுக்குழி வெட்டினோம். கரை நெடுக மானாப் புல் நட்டோம். அதற்காகப் போஞ்சிப் பாத்தியை விட்டுக்கொடுத்த இரண்டு குடும்பங்களுக்கும் கமிட்டி கடமைப்பட்டிருக்கிறது. சங்கடப்பட்டுத்தான் கொடுத்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. மருந்து டாங்கி கழுவும் இடத்தையும் மேட்டுக்கு மாற்றினோம். ஆனால் மருந்துதான் மீனைக் கெடுத்தது என்று நாங்கள் எங்கேயும் சொல்லவில்லை. அதை அறிய அந்த மூளை நொதியத்தைப் பார்த்திருக்க வேண்டும், நாம் அறுக்கவில்லை. மருந்தடிக்கிற தம்பிமார் மேல் பழி போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

வேலை முடிந்த பிறகு ஒரு தடவை மீன் பார்த்தாயிற்று. கீழ் மடுவில் செவுள் வெளிறிய மீன் குறைவாகத் தெரிந்தது. அதை வெற்றி என்று எழுத மனம் வரவில்லை, ஏனென்றால் அது மழை கூடிய மாதம், ஆறே கழுவிக்கொண்டு போகும். போன வருடம் பார்த்த அதே மாதத்தில் பார்த்தால்தான் ஒப்பிடலாம். நம் ஆறு மகாவலியில் விழுகிறது, கம்பளையும் கண்டியும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன என்பதையும் நாவலப்பிட்டிப் பக்கத்தில் இருக்கும் நாம் நினைவில் வைக்கலாம்.

தராசு, அளவுகோல், மீன் கொப்பி மூன்றும் செயலாளர் வீட்டில் இருக்கின்றன. பூசாரி ஐயாவே இப்போது வாளி பிடிக்க வருகிறார். படிவுக்குழியை மாதம் ஒரு தடவை அள்ள வேண்டும். லயம் லயமாக முறை போட்ட பட்டியல் பலகையில் இருக்கிறது, முதல் முறை நாலாம் லயத்துக்கு. ஆறு பை சீமெந்து மிச்சம். டைல்ஸ் வேண்டும் என்பவர்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரலாம், அதற்குப் புதுச் சந்தா பிடிக்க வேண்டிவரும்.

இப்படிக்கு,
கோயில் திருப்பணிக் கமிட்டி