பாப்பாவுக்கு, ராமக்கல்மேட்டுல தேடுன டப்பா பத்தி

பாப்பா,

யாரோ ஒளிச்சு வச்ச டப்பாவை போன் காட்டுற எடத்துல போயித் தேடுற வெளையாட்டு, அந்த ஜியோகேஷிங் ஆப்பை நீ போன்ல ஏத்திக் குடுத்துட்டுப் போனியே, அதை இப்பதான் தொறந்து பாத்தேன், ராமக்கல்மேடு பக்கம் ஒரு புள்ளி தெரிஞ்சுது, அவ்வளவுதான், சனிக்கெழம உன் சித்தப்பா மகனைக் கூட்டிக்கிட்டு கிளம்பிட்டேன். உங்கம்மா புளிச்சோறு கட்டிக் குடுத்தா. கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆளுக போற ஜீப்புல தூக்குப்பாலம்ங்கிற ஊரு வரைக்கும், அங்கருந்து நடை. கேரளா செக்போஸ்ட் தாண்டுனா டவர் வரும் போகும், அதனால மேப்பை வீட்லயே டவுன்லோட் பண்ணிக்கிட்டோம், நிக்கிற எடத்தைக் காட்டுறது சாட்டிலைட்டு, அதுக்கு நெட் வேணாம்னு பையன்தான் சொன்னான்.

குறவன் குறத்தி சிலைகிட்ட நின்னா நம்ம பக்கம் பூரா தெரியுது, கோம்பை, தேவாரம், பெரியாத்துத் தண்ணி பாயுற வயக்காடு எல்லாம். காத்து ஆளைத் தள்ளுது. கூட்டம் அங்கயே போட்டோ எடுத்துக்கிட்டு நிக்க, நாங்க அம்புக்குறி காட்டுன பக்கம் எறங்கிட்டோம்.

போன் நம்மள கிட்டத்துல கொண்டுபோயி விடும், அதுக்கப்புறம் அம்புக்குறி இங்கிட்டும் அங்கிட்டும் ஆட ஆரம்பிச்சுரும், பாறையோரம் மரத்தடின்னா இன்னும் ஜாஸ்தி. பையன் அதையே பாத்துக்கிட்டு சுத்திச் சுத்தி வந்தான், பையில போடுடான்னு சொன்னேன். எடத்துக்காரர் சம்மதம் இல்லாம மண்ணைத் தோண்டிப் பொதைக்கக் கூடாதுன்னு இதுல விதி இருக்கு, அப்ப பொந்துலயோ கல்லு அடுக்குலயோதான இருக்கணும்? ஒரு கல்லு மட்டும் பாசி புடிச்ச பக்கம் கீழ பாத்துக் கெடந்துச்சு. கல்லு தானாப் பொரண்டு அப்புடிப் படுக்காது பாப்பா. பாம்பு கீம்பு இருக்கும்னு மொதல்ல கம்பை விட்டுக் கெளறிட்டுத்தான் கை வச்சேன், உள்ள ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பா. பையன் கத்துன கத்து கீழ கம்பம் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஒரு சின்ன நோட்டு, பென்சில், சாவிக்கொத்து, ஏதோ வெளிநாட்டுக் காசு. ஒண்ணை எடுத்தா அதுக்கு சமமாவோ மேலாவோ ஒண்ணை வைக்கணும், பையன் சாவிக்கொத்தை எடுத்துக்கிட்டு அவனோட பம்பரத்தை வச்சான், நல்ல பம்பரம், யோசிக்காம வச்சான், எனக்கு சந்தோசமா இருந்துச்சு. திங்கிற பொருள் வைக்கக்கூடாது, வாசனைக்கு எலியும் கொரங்கும் வந்து கொதறிப் போட்டுரும். நோட்டுல மலையாளத்துல, இங்கிலீசுல பேரும் தேதியும் இருந்துச்சு, நாங்க தமிழ்ல எழுதி, வழியில ஆள் வராத நேரமாப் பாத்து அதே கல்லை அதே மாதிரி வச்சுட்டு வந்தோம்.

நோட்டை ஜிப் கவர்ல போட்டு வச்சிருந்தாங்க, மலை மழையிலயும் ஒரு தாள் கூட நனையல. யாரோ ஒருத்தர் அப்பப்ப வந்து பாத்துக்கிறாங்க, கூலி இல்ல, பேரு இல்ல, முகம் தெரியாத ஆளுக்காக. எனக்கு அதுதான் ரொம்பப் புடிச்சுது.

ராத்திரி பையன் போன்ல படிச்சுக் காட்டுனான். 2000 மே மாசம் வரைக்கும் அமெரிக்கா அரசாங்கம் வேணும்னே, சாட்டிலைட்டு வச்சு எடம் காட்டுற ஜிபிஎஸ்ஸைக் கொஞ்சம் தப்பாக் காட்ட வச்சிருந்துச்சாம், பொதுஜனத்துக்கு நூறு மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டுமாம். அதை நிறுத்துன மறுநாளே, மே 3ஆம் தேதி, டேவ் உல்மர்னு ஒருத்தர் ஒரு வாளியை ஒளிச்சு வச்சுட்டு எடத்தை இண்டர்நெட்ல போட்டுட்டாரு, அதுதான் இந்த வெளையாட்டுல மொத டப்பா. எங்கன்னு நினைக்கிற? பீவர்கிரீக், நீ இருக்கிற அதே ஓரிகன்ல. போர்ட்லண்டுலருந்து கார்ல பக்கந்தான், அந்த எடத்துல இப்ப ஒரு கல்வெட்டுப் பலகை இருக்காம். ஒரு லீவு நாளு போயிப் பாரு, மாப்பிள்ளையவும் கூட்டிட்டுப் போ.

இன்னொண்ணு. நம்ம தோட்டத்துப் பக்கத்துல ஒரு டப்பா நீ வைக்கணும் பாப்பா. தூரத்துல இருக்கிறவங்க வைக்கிறதுன்னா பராமரிக்க உள்ளூர்ல ஆள் வேணுமாம், அது நான் இருக்கேன். பக்கத்து டப்பாவுக்கும் இதுக்கும் 161 மீட்டராவது எடைவெளி இருக்கணும், எடத்துக்காரர் சம்மதமும் வேணும். காட்டு எடம் வேணாம், பாரஸ்ட்டுல கேள்வி கேப்பாங்க. மேல ஏலத்தோட்டக்காரர்கிட்ட பேசிட்டேன், கெணத்துமேட்டுப் பலாமரத்துக்கிட்ட வச்சுக்கங்கன்னுட்டாரு. தண்ணி பூராத டப்பா அங்க நல்லதாக் கெடைக்குமே, பொங்கலுக்கு வரும்போது வாங்கிட்டு வா. நோட்டும் பென்சிலும் நான் இங்க வாங்கி வச்சிர்றேன்.

அப்பா