சோப்பு இருக்கட்டும், முதலில் தண்ணீரைப் பார்

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. உன் தங்கச்சி உடனே போன் போடச் சொன்னாள். நாலு பக்கம் மெனக்கெட்டு எழுதியவனுக்குப் போனில் நாலு வார்த்தை பேசி முடித்தால் மரியாதையாக இருக்காது என்று நான்தான் பேனாவை எடுத்தேன். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு. ஷேவிங்கையும் டாக்டர் சரி என்று சொன்ன பிறகு ஆரம்பி. நுரை கண்ணில் பட்டால் சும்மா நாளிலேயே எரியும்.

இனி உன் ஷேவிங் சோப்புப் புகார். கோவை சாயிபாபா காலனியில் இருந்தவரை பொங்கிப் பொங்கி வந்த நுரை, சென்னை மேடவாக்கத்து ஃப்ளாட்டில் கன்னத்தில் தடவும்போதே காய்ந்துபோகிறது, வாஷ்பேசின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பிசுபிசுக்கிறது, கம்பெனிக்காரன் சரக்கைக் குறைத்துவிட்டான், நல்ல சோப்பாக ஒன்று சொல், விலையைப் பற்றிக் கவலையில்லை என்று எழுதியிருக்கிறாய். பையன் சம்பாதிக்கிறான், உனக்கென்ன கவலை. ஆனால் சோப்பு அதே சோப்புதான் மாப்ள. மாறியது தண்ணீர்.

இங்கே நீ பிடித்துக் குடித்தது சிறுவாணி. மழைத் தண்ணீர் காட்டு வழியே வழிந்து வந்து அணையில் நிற்கிறது. அதில் கரைந்திருக்கிற சுண்ணாம்புச் சத்து சொற்பம். அங்கே உங்கள் சம்ப்பில் விழுவது போர்வெல்லும் டேங்கர் லாரியும். அந்தத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்து கிடக்கும். சோப்பு போட்டதும் அவை சோப்பிலுள்ள கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கரையாத ஒரு பொருளாகிவிடும். உன் பேசின் ஓரத்து வெள்ளைப் பிசுக்கு அதுதான். தண்ணீரில் உள்ளதெல்லாம் தன் பங்கைத் தின்று தீர்த்த பிறகு மிஞ்சுகிற சோப்புதான் நுரையாகும். குடிநீருக்கு அரசாங்கத் தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை, அதாவது இந்தக் கால்சியமும் மக்னீசியமும், இருக்கலாம் என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை விட்டுவிடுகிறது. குடிக்கலாம் என்று அனுமதித்த தண்ணீரிலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால் சோப்பு என்ன செய்யும், பாவம்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்து பார். உங்கள் வீட்டு ஆர்.ஓ. மிஷினிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடி. பிரஷ்ஷை அதில் ஊறவை, அதே தண்ணீரில் உன் பழைய சோப்பைக் குழை. அடுத்த நாள் குழாய்த் தண்ணீரில் அதையே செய். ஷேவிங்குக்கு ஒரு டம்ளருக்கு மேல் தேவைப்படாது, மருமகள் கோபித்துக்கொள்ள மாட்டாள். முகம் கழுவக் குழாய்த் தண்ணீரே போதும். காய்ச்சி ஆறவைத்தால் போதாதா என்று கேட்பாய். காய்ச்சினால் ஒரு வகைக் கடினத்தன்மை பாத்திரத்தின் அடியில் படிந்து போய்விடும், உண்மைதான். இன்னொரு வகை எத்தனை கொதித்தாலும் அப்படியே இருக்கும். போர்வெல் தண்ணீரில் இரண்டும் கலந்தே வரும்.

இதற்குப் பிறகும் புதுச் சோப்பு வாங்கத்தான் வேண்டும் என்று கை துறுதுறுத்தால், கடையில் மோந்து பார்ப்பதை விட்டுவிட்டு அட்டையின் பின்பக்கத்தைப் படி. முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் ஸ்டியரிக் ஆசிட் இருக்க வேண்டும், பொட்டாசியம் என்று எங்காவது வர வேண்டும். குளிக்கிற சோப்பு பெரும்பாலும் காஸ்டிக் சோடாவில், அதாவது சோடியத்தில் செய்வது. கட்டியாக நிற்கும், சீக்கிரம் கரையாது, குளிக்க அதுதான் வேண்டும். ஷேவிங் சோப்பில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பெரும்பங்கு இருக்கும். அது சோப்பை இளக்கிக் கொடுக்கும், பிரஷ் பட்டதும் தண்ணீரை வாங்கிக்கொள்ளும். ஸ்டியரிக் ஆசிட் அந்த நுரை உடையாமல் பிடித்து வைக்கும். கிளிசரின் ஈரத்தைக் காயவிடாது. இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தால் பெயர் என்னவாக இருந்தால் நமக்கென்ன.

நீ குளியல் சோப்பில் டி.எஃப்.எம். 76 என்று தேடித் தேடி வாங்குகிற ஆள், எனக்குத் தெரியும். முதல் தரச் சோப்புக்கு அந்த எண் சரிதான். ஆனால் மொத்தக் கொழுப்பு எவ்வளவு என்றுதான் அது சொல்லும், எந்தக் கொழுப்பு, எந்தக் காரம் (சோடியமா பொட்டாசியமா) என்று சொல்லாது. 76-ஐ நம்பிக் குளியல் சோப்பை முகத்தில் குழைத்தால் இரண்டாவது கன்னத்துக்கு வருவதற்குள் முதல் கன்னம் காய்ந்திருக்கும்.

போன பொங்கலுக்கு இங்கே ஒரு கண்காட்சியில் கைவினைச் சோப்பு என்று ஒரு ஸ்டால். 'கெமிக்கல் இல்லாத ஷேவிங் சோப்பு, சுத்தமான தேங்காய் எண்ணெய்' என்று தலையில் கட்டிவிட்டார்கள். (காரம் சேர்க்காமல் சோப்பே ஆகாது, அதைச் சொன்னால் முறைக்கிறார்கள்.) தேங்காய் எண்ணெய்ச் சோப்பில் நுரை சடசடவென்று எழும்பும், குமிழி குமிழியாக, பார்க்க ஆசையாக இருக்கும். ரேஸரைக் கையில் எடுப்பதற்குள் பாதி காணாமல் போகும், அப்புறம் தோல் இழுக்கும். தேங்காய் எண்ணெய் கொஞ்சம் இருப்பது நல்லது, நுரையை அதுதான் கிளப்பிவிடும். அது மட்டுமே இருந்தால் வேலைக்கு ஆகாது. நல்ல ஷேவிங் நுரையில் குமிழியே கண்ணுக்குத் தெரியக் கூடாது. கெட்டித் தயிர் மாதிரி, மேலே லேசாக மினுமினுப்போடு இருக்க வேண்டும். மினுமினுப்பு இல்லையென்றால் தண்ணீர் போதவில்லை, இரண்டு சொட்டு விடு.

நீ கேட்ட வெளிநாட்டுச் சரக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துருக்கியிலிருந்து வரும் ஆர்கோ குச்சிச் சோப்பு விலைக்கு மீறிய வேலை செய்யும். வாசனைதான் எல்லோருக்கும் பிடிக்காது, எலுமிச்சை கலந்த துணிசோப்பு வாடை. இத்தாலியின் புரோராசோவில் பச்சை டப்பா யூகலிப்டஸ், மெந்தால் சேர்ந்தது, வெயில் காலத்துக்குச் சுகம். உனக்கு இப்போதைக்கு வேண்டாம், மெந்தால் ஆவி கண்ணுக்கு ஆகாது. அதிலேயே வெள்ளை டப்பா எரிகிற தோலுக்கென்று வருவது, அது சாதுவானது. இங்கிலாந்தின் மிட்செல்ஸ் வூல் ஃபேட்டில் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் சேர்த்திருக்கிறார்கள். ஷேவிங் முடிந்தும் தோல் வறளாது. ஆனால் அதைக் குழைத்து எடுக்கப் பொறுமை வேண்டும், அதுவும் உப்புத் தண்ணீரில் உயிரை வாங்கிவிடும். நீ என்றால் ஒரே வாரத்தில் தூக்கி எறிவாய்.

இதில் ஒரு சங்கதி, வீட்டில் சுத்த சைவம் என்பதால் சொல்கிறேன். சோடியம் டாலோவேட் அல்லது பொட்டாசியம் டாலோவேட் என்று போட்டிருந்தால் அது மாட்டுக் கொழுப்போ ஆட்டுக் கொழுப்போதான். பழைய ஐரோப்பியச் சோப்புகள் அதில்தான் பேர் வாங்கின. ஆர்கோ குச்சியிலும் அது சேர்வதுண்டு. பாமேட் என்றால் பாமாயில். ஸ்டியரிக் ஆசிட் என்று மட்டும் இருந்தால் அது செடியிலிருந்தா மிருகத்திலிருந்தா என்று அந்தப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது, அட்டையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா பார். உன் வீட்டில் என் தங்கச்சியிடம் கேட்டுவிட்டு வாங்கு. பூஜை அறைக்குப் பக்கத்து பாத்ரூமில் வைத்து வாங்கிக் கட்டிக்கொள்ளாதே.

என்னைக் கேட்டால் கோத்ரெஜ் ஷேவிங் ரவுண்டு ஒன்று வாங்கிப் போட்டு ஆர்.ஓ. தண்ணீரில் குழை. சலூன்களில் அலுமினியக் கிண்ணத்தின் அடியில் ஒட்டிக் கிடக்குமே, அதேதான். அந்தக் கிண்ணத்தை யோசித்துப் பார். நம்ம தெரு சலூன்காரர் பிரஷ்ஷை ஒரு உதறு உதறிவிட்டு, சோப்பின் மேல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே கோர்ட் கேஸ் கதை முழுவதையும் சொல்லி முடிப்பார். அதற்கப்புறம்தான் பிரஷ் கன்னத்துக்கு வரும். நாம் வீட்டில் நாலு தேய் தேய்த்துவிட்டு நுரை வரவில்லை என்கிறோம். அரை நிமிஷமாவது தேய்க்க வேண்டும். பிரஷ்ஷின் நுனியில் சோப்பு பசையாக ஒட்டி நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. தண்ணீரை அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக முகத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். முதலில் முகத்தை நனைத்து இரண்டு மூன்று நிமிஷம் ஊறவிடு. நனைந்த முடியை வெட்டப் பாதி பலம் போதும், அந்த ஈரத்தைக் காயாமல் பிடித்து வைக்கத்தான் நுரையே. நம் வயதில் தாடி வெளுத்துவிட்டதே தவிர முரடு குறையவில்லை, தோல்தான் தளர்ந்துவிட்டது. உனக்குச் சர்க்கரை வேறு. எதிர்வாட்டமாக இழுக்கிற பழக்கத்தை விட்டுவிடு. மழமழவென்று இருந்து என்ன சாதிக்கப் போகிறோம்?

எந்தச் சோப்பைப் போட்டாலும் எரிச்சல் என்றால் சோப்பு என்ற ஜாதியே உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். எல்லாமே காரத்தன்மை உள்ளவை. டியூப் கிரீமுக்கு மாறினாலும் பெரிய மாற்றம் இருக்காது, அது பெரும்பாலும் இதே சோப்பில் தண்ணீர் கூடுதலாகச் சேர்த்தது. அப்படி இருந்தால் என் பேச்சைக் கேட்காமல் தோல் டாக்டரிடம் போ.

பிரஷ்ஷைக் கழுவி உதறித் தொங்கவிடு, டப்பாவில் ஈரத்தோடு மூடி வைக்காதே. முதல் உலகப் போர் சமயத்தில் சரியாகச் சுத்தம் செய்யாத குதிரைமுடி பிரஷ்ஷால் சிப்பாய்களுக்கு ஆந்த்ராக்ஸ் வந்த கதை உண்டு. இப்போது அந்தப் பயம் இல்லை, ஆனால் சென்னைப் புழுக்கத்தில் வாடை வந்துவிடும். படிகாரக் கல் மட்டும் மறக்காமல் வைத்துக்கொள், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. எனக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏறுவதில்லை. சின்னவளுக்கு ஜாதகம் பொருந்தி வந்திருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் ஈரோடு. ஆவணியில் தேதி குறிப்பார்கள் போலிருக்கிறது. நீயும் என் தங்கச்சியும் நாலு நாள் முன்னாடியே வந்துவிடுங்கள், பந்தல் வேலை பார்க்க ஆள் வேண்டும். பாரிமுனைப் பக்கம் போக நேர்ந்தால் எனக்கு ஒரு பன்றிமுடி பிரஷ் கிடைக்குமா என்று விசாரி, கைப்பிடி மரமாக இருந்தால் நல்லது. காசை வரும்போது தருகிறேன்.

அன்புடன்,
மச்சான்