அலமாரி ராக்கெட்டைப் பறக்கவிடுவது பற்றி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நீங்கள் வெட்டி ஒட்டி அலமாரியில் நிறுத்தியிருக்கும் சாட்டர்ன் 5 (மனிதரை நிலவுக்குக் கொண்டுசென்ற ராக்கெட்) காகித மாதிரியைப் பறக்கவிட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் இப்போதிருக்கும் நிலையில் முடியாது. அசலில் வெளிவட்டத்திலுள்ள நான்கு எஞ்சின்கள் திசைதிரும்பி ராக்கெட்டை நேராக வைத்திருந்ததால், அதன் சிறகுகள் சிறியவையாக இருந்தும் குறையில்லை. நம் காகிதக் குழாய்க்கு அந்த வசதி கிடையாது. ஈர்ப்பு மையம் (ராக்கெட் சமநிலையில் நிற்கும் புள்ளி), காற்றின் அழுத்த மையத்துக்கு (காற்றின் விசை மொத்தமும் செயல்படும் புள்ளி) குறைந்தது ஒரு குழாய் விட்டமாவது முன்னால் இருந்தால்தான் அது நேராக மேலே போகும். அழுத்த மையத்தைக் கணக்கிட, ராக்கெட் பொறியாளர் ஜேம்ஸ் பாரோமன் 1966இல் தந்த சூத்திரங்களே இன்றும் போதும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் ராக்கெட்டின் சிறகுகள் உறுதியாக நிற்க வேண்டுமென்று பசையை அள்ளிப் பூசி, வாலைச் சுற்றி அலங்காரத் தாளும் ஒட்டியிருந்தேன். அது ஆள் உயரம்கூடப் போகாமல் குட்டிக்கரணம் போட்டுப் புதருக்குள் விழுந்தது. எரிந்து ராக்கெட்டைத் தள்ளும் மோட்டாரைத்தான் முதலில் குறை சொன்னேன். பிறகு நூலில் தொங்கவிட்டுப் பார்த்தபோது, பசையின் எடை ஈர்ப்பு மையத்தை வாலுக்கு இழுத்திருந்தது தெரிந்தது.

எனவே சிறகுகளைத் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டால் பெரிதாக்குங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. மூக்குக் கூம்புக்குள் சிறிது களிமண்ணை அழுத்தி வையுங்கள். கூம்பைப் புதிதாகச் செய்வதானால், விசிறி வடிவில் வெட்ட வேண்டிய தாளின் கோணத்துக்கு, அடி ஆரத்தைச் சாய்வு உயரத்தால் வகுத்து 360ஆல் பெருக்க வேண்டும்: ஆரம் 10 மி.மீ., சாய்வு 50 மி.மீ. என்றால் 72 பாகை விசிறி. மோட்டாருக்கான உள்குழாயை, 18 மி.மீ. விட்டமுள்ள பழைய மோட்டார் உறை மேலேயே சுருட்டலாம். அதற்கு முன் தாளை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் எளிதாக வளைகிறதோ அந்தத் திசையில் சுருட்டினால் மடிப்பு விழாது. அவசரத்தில் இதை மறந்து எத்தனை தாள்களைக் கசக்கி எறிந்திருக்கிறேன் என்று கேட்காதீர்கள்.

வெடிமருந்தை நாமே கலக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். ஆலையில் செய்த மோட்டார், மின்சாரப் பற்றவைப்பு, ஐந்து மீட்டருக்குக் குறையாத தூரம், இவற்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ராக்கெட்டை மெதுவாக இறக்கும் நாடாவுக்குக் கீழே, அது கருகாமலிருக்க, தீப்பிடிக்காத தாளைத் திணிக்கவும் மறவாதீர்கள்.

ஏவுவதற்கு முன் மோட்டாரைப் பொருத்தி, ஈர்ப்பு மையத்தில் நூல் கட்டி, தலைக்கு மேலே சுழற்றிப் பாருங்கள்; மூக்கு முன்னோக்கியே சுற்றி வந்தால் நம்பலாம். அந்த மையம் வாலிலிருந்து எத்தனை மில்லிமீட்டரில் விழுகிறது என்று எழுதுங்கள். சிறகின் அளவை நான் கணக்கிட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்