வளையல் திரும்பி வந்திருச்சு

அன்பு மாப்ள,

இங்க எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைஞ்சிருக்கா?

ஒன்றரை வருஷமா நான் ஏன் பேசலைன்னு உனக்கே தெரியும். உன்கிட்ட வாங்கின 40,000-ஐத் திருப்பித் தராம போன் போட மனசு வரலை. நீ ஒரு தடவைகூடக் கேக்கலை, அதுதான் ரொம்ப உறுத்துச்சு.

போன வாரம் கட்டையனைப் பெரியார் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். பாப்பா சடங்குக்கு நீ கிரெடிட் கார்டைத் தேய்க்கப் போறியாம், பத்தாததுக்கு ஏதோ ஆப்புல 1 லட்சம் எடுக்கப் போறியாம். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

அக்கா மகளுக்கு நான் செஞ்ச சீரை நீயும் பாத்தியே. 51 தட்டு, செண்டை மேளம், பவுன் செயின். கார்டுல 1,20,000, மூணு வட்டிக்கு 50,000, அதுக்கு மேல உன் பணம். மாசாமாசம் மினிமம் 6,000 கட்டிட்டு, கடன் குறையுதுன்னு நம்பிக்கிட்டிருந்தேன். ஒருநாள் என் வீட்டுக்காரி, அதான் உன் தங்கச்சி, எங்க பையனோட ரஃப் நோட்டை எடுத்து உக்காந்தா. மாசத்துக்கு 3.5 சதவீதம்னா வட்டி 4,200. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 756. அசலுக்குப் போனது வெறும் 1,044 ரூபாய். அந்த 1,044-க்குக் கீழ ரெண்டு கோடு போட்டு நோட்டை என் பக்கம் தள்ளுனா. ஒரு வார்த்தை பேசலை. பழைய பாக்கி நிக்கிறப்போ, கார்டுல புதுசா வாங்குற பால் பாக்கெட்டுக்குக்கூட அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிரும் மாப்ள. பில்லு வர்ற வரைக்கும் வட்டி இல்லைங்கிறது பாக்கி வைக்காதவனுக்குத்தான்.

மறுநாள் அவளே நாலு பவுன் வளையலைக் கழட்டிக் குடுத்தா. பேங்க்ல அடகு வச்சேன், வருஷத்துக்கு 9 சதவீதம் வட்டி. கார்டுக்கு வருஷம் 42, மூணு வட்டின்னா 36. ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சுட்டு, கார்டைக் கத்திரிக்கோலால வெட்டுனேன். வெட்டாம விட்டிருந்தா நகையும் போயி கார்டும் மறுபடி நிரம்பியிருக்கும், அது நிச்சயம். அப்புறம் மாசம் 10,000, சம்பளம் ஏறுன அன்னைக்கே நகைக்கடனுக்கு. ரெண்டாவது பைக்கை வித்தோம். மொய் நோட்டைப் பிரிச்சு வச்சு, நமக்கு வந்ததை மட்டும் திருப்பிச் செஞ்சோம். சிலர் மூஞ்சியத் தூக்குனாங்க. தூக்கட்டும்னு விட்டுட்டோம். வெள்ளிக்கிழமை வளையலை மீட்டாச்சு.

வட்டி கூடுன கடனை முதல்லன்னு அவ வரிசை போட்டா. வட்டி இல்லாத உன் பேரு கடைசி வரியில இருந்துச்சு. கணக்குப்படி அது சரிதான். ஆனா உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அதைச் செஞ்சிருக்கணும். சொல்லாதது என் தப்பு, மன்னிச்சிரு.

இப்ப உன் விஷயம். வைகை அணைக்குச் சைக்கிள்லயே போவேன்னு அடம்பிடிச்ச ஆளு நீ, சொன்னா லேசுல கேக்க மாட்ட. இதை மட்டும் கேளு. மொய் வரும், அதை வச்சு அடைச்சிரலாம்னு கணக்குப் போடாதே. நானும் அப்படித்தான் போட்டேன். வந்த மொய்யும் நாளைக்கு நாம திருப்பிச் செய்ய வேண்டிய கடன்தான். வீட்டு வாசல்ல பந்தல் போடு, நெருங்கின சொந்தத்தை மட்டும் கூப்பிடு. பாப்பாவுக்கு அது குறையாத் தெரியாது. பெரியவங்க நாமதான் குறைன்னு நினைக்கிறோம். போன்ல இருக்குற காண்டாக்ட் லிஸ்டைக் கேக்குற ஆப்பைத் தொட்டுறாதே. கடன் ஆப்பு அதை எடுக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022-லயே சொல்லிருச்சு. எடுக்குறவன் எதுக்கு எடுக்குறான்னு யோசி. நாளைக்கு ஒரு தவணை தவறுனா உங்க அம்மாவுக்கும் மச்சினனுக்கும் போன் போடுவான்.

இன்னைக்கு உனக்கு 15,000 ஜிபே பண்ணியிருக்கேன். மீதி 25,000 தை பிறக்குறதுக்குள்ள வந்திரும். என் பணம் கைக்கு வராததாலதான் நீ கடனுக்குப் போறியோங்கிற நினைப்பு என்னை விடவே மாட்டேங்குது.

ஞாயித்துக்கிழமை முதல் பஸ்ல நாங்க ரெண்டு பேரும் பெரியகுளம் வர்றோம். அவ அந்த ரஃப் நோட்டையும் எடுத்துட்டு வர்றா. சடங்குச் செலவை உக்காந்து வரி வரியா எழுதிப் பாப்போம். அதுவரைக்கும் எந்த ஓடிபியும் போட்டுறாதே.

உன் மாப்ள