பழைய ஸ்போர்ட்ஸ் கார்: பிரேக்கை எடை போட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாலையிலும் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கிலும் ஓட்டுவதற்காக பெராரி 360 சேலஞ்ச் ஸ்ட்ராடேல் போன்ற லிமிடெட் எடிஷன் காரைப் பழையதாக வாங்குவோர், பெயிண்டையும் கிலோமீட்டரையும் மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிட வேண்டாம்.

முதலில் பிரேக். இதில் இருப்பது கார்பன் செராமிக் டிஸ்க். டிராக் சூட்டில் அதன் கார்பன் எரிந்து எடை குறையும். தடிமனில் அவ்வளவாகத் தெரியாது. வெர்னியர் வைத்து அளந்தால் போதாது. கழற்றி எடை போட்டு, டிஸ்க்கில் பொறித்துள்ள குறைந்தபட்ச எடையோடு ஒப்பிட வேண்டும். நான்கையும் மாற்ற நேர்ந்தால் லட்சங்கள் போகும்.

டைமிங் பெல்ட்டை, ஷெட்டிலேயே நின்ற காராக இருந்தாலும், 3 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியதற்கு பில் கேளுங்கள். அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், இன்ஜின் போச்சு! கிளட்ச் தேய்மானத்தை ஸ்கேனரில் பார்த்துவிடலாம். டயரில் 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்; பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், டிராக்குக்கு ஆகாது.

சாதாரண வாகன இன்சூரன்ஸ் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. வெளிமாநில வண்டி என்றால் என்ஓசி (தடையில்லாச் சான்று), இங்கே ஆர்டிஓவில் கட்டும் வரி இரண்டையும் விலை பேசும்போதே கணக்கில் சேருங்கள்.

– கார் மெக்கானிக்குகள், பீளமேடு, கோவை